கான்ட்ராக்டே இல்லை என்றார்கள், அப்புறம் எதற்கு 1,320 டாலர்?

கேள்வி: அக்கா, 14 மாதங்களுக்கு முன்பு நானும் மனைவியும் ஆளுக்கொரு புது போன் எடுத்தோம். "பாதிக்கு மேல் தள்ளுபடி சார், கான்ட்ராக்ட் எதுவும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்று கடையில் சொன்னார்கள். இப்போது மாதம் 80 டாலருக்கு பிளான் தரும், விலை குறைந்த வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று கூப்பிட்டால், 1,320 டாலர் கட்டிவிட்டுப் போங்கள் என்கிறார்கள். கான்ட்ராக்ட் இல்லாத இடத்தில் அபராதம் எப்படி வரும்? கட்டாமல் வெளியே வர வழி உண்டா? பில்லை இணைத்திருக்கிறேன்.
*– வாசகர், பிளேனோ, டெக்சஸ்*

பதில்: தம்பி, கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. நான் பல வருடம் ஒரு செல்போன் கம்பெனியில், "லைனை வெட்டுங்கள்" என்று கூப்பிடுகிறவர்களைப் பேசி நிறுத்தி வைக்கும் மேசையில் வேலை பார்த்தவள். அந்தப் பாதி உண்மை எந்த இடத்தில் முடிகிறது என்பது எனக்கு மனப்பாடம்.

நீங்கள் கையெழுத்துப் போட்டது இரண்டு காகிதங்களில். ஒன்று சேவைக்கு: பேச்சு, மெசேஜ், டேட்டா. அதற்கு உண்மையிலேயே கெடு இல்லை, இன்று சொல்லி நாளை நிறுத்தலாம். இன்னொன்று போனுக்கு. அது வட்டியில்லாத தவணைக் கடன். உங்கள் பில்லின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் கீழே "தவணை 14 / 36" என்று போட்டு 30.00 டாலர் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, சின்ன எழுத்தில், பில் கிரெடிட் என்று 20.00 கழித்திருக்கிறார்கள். கடையில் சொன்ன தள்ளுபடி இந்தக் கழிவுதான். அது மொத்தமாக உங்கள் கைக்கு வரவில்லை, மாதாமாதம் துளித்துளியாக வருகிறது. லைனை எடுத்துக்கொண்டு போனால் கிரெடிட் அன்றே நின்றுவிடும், மீதிக் கடன் முழுவதும் கடைசி பில்லில் வந்து உட்காரும். 22 தவணை, தலா 30 டாலர், இரண்டு போன்: 1,320.

முன்பெல்லாம் இதற்கு நேரடியாக அபராதம் என்றே பெயர். இரண்டு வருடக் கான்ட்ராக்ட், நடுவில் விட்டால் 175 அல்லது 200 டாலர். 2009 நவம்பரில் வெரைசன் ஸ்மார்ட்போன்களுக்கு அதை 350 டாலராக்கியது. மாதத்துக்கு 10 டாலர் வீதம் குறையும் என்றது. அந்தக் கணக்கில் 23 மாதம் ஒழுங்காகக் கட்டியவர்கூட கடைசி மாதத்தில் விலகினால் 120 டாலர் அழ வேண்டும். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி.யே அதைப் பற்றி விளக்கம் கேட்டது. பிறகு 2013-ல் டி-மொபைல் கான்ட்ராக்டை விட்டது, 2015-ல் வெரைசன், 2016 தொடக்கத்தில் ஏ.டி. அண்ட் டி. புது வாடிக்கையாளர்களுக்கு அந்த அபராதம் இல்லாமல் போயிற்று. கட்டிப்போடும் வேலையை இப்போது தவணையும் கிரெடிட்டும் பார்த்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் பழைய அபராதமே தேவலாம். வெளியே போக எவ்வளவு ஆகும் என்று அப்போது ஒரே எண்ணில் தெரிந்தது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 1,320-ஐப் பார்த்து மலைக்க வேண்டாம். அங்கேயே இருந்தாலும் இந்தப் போன்களுக்கு, இரண்டுக்கும் சேர்த்து, மாதம் 20 டாலர் வீதம் 22 மாதத்தில் 440 கட்டத்தான் போகிறீர்கள். ஆக, விலகுவதால் உண்மையில் கைவிட்டுப் போவது 880. இப்போதைய பிளானுக்கு 150 கட்டுகிறீர்கள், போக நினைக்கும் கம்பெனியில் 80 என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 70 மிச்சம். 22 மாதத்தில் 1,540. எல்லாம் போக 660 டாலர் உங்கள் பக்கம் லாபம். கெடு முடியட்டும் என்று காத்திருந்தால், மாதம் 40 டாலர் கிரெடிட்டைக் காப்பாற்ற மாதம் 70 டாலரை விடுகிறீர்கள். கையில் 1,320 இருந்தால் கிளம்பிவிடுங்கள். என் பழைய மேசையில் இந்தக் கணக்கை யாரும் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டியதில்லை. நாங்கள் சொன்னதெல்லாம் 1,320 மட்டும்தான்.

கையில் பணம் இல்லையென்றால், "உங்கள் பழைய கம்பெனியின் பாக்கியை நாங்கள் கட்டுகிறோம்" என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகளைப் பார்க்கலாம். 2014-ல் டி-மொபைல் பெரிய அளவில் தொடங்கி வைத்த வழக்கம் இது. பெரும்பாலும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும், கடைசி பில்லைப் பதிவேற்ற வேண்டும், சில வாரம் கழித்து ஒரு பிரீபெய்ட் கார்டு வரும். அதோடு அவர்கள் புது போனை உங்கள் தலையில் கட்டினால் மறுபடி 24 அல்லது 36 மாதம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி முடிவெடுத்தாலும், கூப்பிட்டு "லைனை வெட்டுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெட்டினால் நம்பரும் போய்விடலாம். கணக்கு எண்ணையும் நம்பரை மாற்றுவதற்கான ரகசிய எண்ணையும் (PIN) வாங்குங்கள். அந்த ரகசிய எண் சில நாள்தான் செல்லும். நம்பரை யாரும் மாற்றிவிடாதபடி நம்பர் லாக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். புது கம்பெனியிடம் கொடுங்கள், அவர்கள் நம்பரை இழுத்ததும் பழைய லைன் தானாக மூடிக்கொள்ளும். பாக்கி இருக்கிறது என்ற காரணத்துக்காகப் பழைய கம்பெனி நம்பரைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது எஃப்.சி.சி. விதி. பல கம்பெனிகள் பாதி மாதத்துக்குப் பணம் திருப்புவதில்லை, அதனால் பில் சுழற்சி முடிவதற்கு ஓரிரு நாள் முன்பு செய்யுங்கள்.

கேள்வி: என் கம்பெனி அடுத்த மாதத்திலிருந்து நிர்வாகக் கட்டணத்தை ஏற்றுவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. விலையை ஏற்றினால் ஒப்பந்தத்தை இலவசமாக முறிக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா மேடம்?
*– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி*

பதில்: நண்பர் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. சி.டி.ஐ.ஏ. என்ற தொழில் சங்கத்தின் வாடிக்கையாளர் நெறிமுறை ஒன்றைப் பெரிய கம்பெனிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனையை வாடிக்கையாளருக்குப் பாதகமாக மாற்றினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அபராதம் இல்லாமல் விலகக் குறைந்தது 14 நாள் தர வேண்டும் என்கிறது அது. புதிதாகச் சேருகிறவர்களுக்கும் குறைந்தது 14 நாள் சோதனைக் காலம் உண்டு என்பதும் அதில்தான் இருக்கிறது.

பிளேனோ வாசகருக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும். இந்த உரிமை சேவைக் காகிதத்துக்கு. போன் கடன் அப்படியே நிற்கும். தவணை முடிந்த போன், அல்லது நீங்களே வாங்கி வந்த போன் என்றால் நண்பரின் யோசனையே தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம். பழைய கெடு ஒப்பந்தம் ஏதாவது, குறிப்பாக வியாபாரக் கணக்கில், ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த மின்னஞ்சலுக்கு மதிப்பு. அப்போது தேதியோடு அதைப் பத்திரப்படுத்தி, கெடுவுக்குள் எழுத்தில் பதில் போடுங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும்.

கேள்வி: அக்கா, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்புகிறோம். என் போனுக்கு இன்னும் 19 தவணை பாக்கி. நாட்டை விட்டே போகிறவர்களுக்குச் சலுகை உண்டாமே? அமெரிக்க நம்பர் வங்கியில் பதிவாகியிருக்கிறது, அதை என்ன செய்வது?
*– வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா*

பதில்: நாட்டை விட்டுப் போகிறோம் என்பதற்காகக் கடனைத் தள்ளச் சொல்லும் சட்டம் இல்லை, தங்கச்சி. இந்தக் கேள்வி என் மேசைக்கு ஓயாமல் வரும். கேட்கிறவர் குரலிலேயே பாதிப் பெட்டி கட்டியாகிவிட்டது தெரியும். பாக்கியைக் கட்டுவதுதான் உங்களுக்கே நல்லது, காரணம் அன்லாக். தவணை பாக்கி இருக்கும் போனைப் பொதுவாக அன்லாக் செய்து தர மாட்டார்கள். அன்லாக் ஆகாத போனில் சென்னையில் எந்த சிம்மைப் போட்டாலும் வேலை செய்யாது. ஆயிரம் டாலர் போன் வைஃபையில் மட்டும் ஓடும். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே கட்டி, அன்லாக் கேட்டு, வேறு கம்பெனி சிம் ஒன்றை வாங்கிப் போட்டு, இங்கிருந்தபடியே சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்து நம்பர். அதை விட்டுவிட்டால் வங்கியின் ஓ.டி.பி. யாரோ முகம் தெரியாதவருக்குப் போகும். மாதம் சில டாலருக்கு பிளான் தரும் சிறு கம்பெனிகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு நம்பரை மாற்றி, இணையம் வழியே பேச உதவும் வைஃபை காலிங்கை இயக்கி வைத்தால் ஊரிலும் எஸ்.எம்.எஸ். வரும். எல்லாக் கம்பெனியும் வெளிநாட்டில் இதை அனுமதிப்பதில்லை, சேருவதற்கு முன் கேளுங்கள். இன்னொரு வழி கூகுள் வாய்ஸ்: ஒரு முறை 20 டாலர் கட்டி நம்பரை அங்கே கொண்டுபோகலாம், மாதக் கட்டணம் இல்லை. ஆனால் சில வங்கிகள் இணைய நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்ப மறுக்கின்றன. எதுவானாலும் விமானம் ஏறும் முன் இங்கேயே மாற்றி, வங்கியில் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள்.

நிறையப் பேர் சறுக்குவது இதற்கு அப்புறம். கடைசி பில், நம்பர் போன பிறகுதான் தயாராகும். அதற்குள் வங்கிக் கணக்கை மூடிவிடுவார்கள், ஆட்டோபே திரும்பி வரும். காகித பில் காலி செய்த அபார்ட்மென்டுக்குப் போகும். அறுபது எழுபது டாலர் பாக்கி, கடன் வசூலிக்கும் கலெக்ஷன் ஏஜென்சிக்குப் போய், நீங்கள் மறுபடி இங்கே வரும்போது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் காத்திருக்கும். கடைசி பில்லைக் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று திரையில் பார்த்துப் படம் எடுத்து வைத்த பிறகுதான் வங்கிக் கணக்கை மூட வேண்டும்.

கேள்வி: புது வீட்டில் சிக்னலே இல்லை. வாசலில் போய் நின்றுதான் பேசுகிறோம். இது அவர்கள் தப்புதானே? மாதத் தவணையை நிறுத்திவிட்டால் அவர்களாகவே லைனை வெட்டிவிடுவார்கள், பிரச்சினை தீர்ந்தது என்கிறார் என் மைத்துனர்.
*– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்*

பதில்: மைத்துனரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். லைனை வெட்டுவார்கள்தான். கடனை வெட்ட மாட்டார்கள். கலெக்ஷனுக்குப் போன கணக்கு கிரெடிட் அறிக்கையில் ஏழு வருடம் வரை கிடக்கும். வீட்டுக் கடன் வாங்கப் போகும் அன்று அது தலைகாட்டும்.

வீடு மாறியதால் சிக்னல் போனது என்றால் உங்களுக்குத் தானாகக் கிடைக்கும் சட்ட உரிமை எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் சிக்னல் வரும் என்று எந்த ஒப்பந்தமும் உறுதி தருவதில்லை. ஆனால் கேட்டால் கிடைக்கும். முதலில் தொழில்நுட்பப் பிரிவில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். வைஃபை காலிங் அல்லது வீட்டுக்குள் வைக்கும் சிக்னல் கருவி தருகிறோம் என்பார்கள், வாங்கிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் தேதிகளையும் புகார் எண்களையும் போட்டு எஃப்.சி.சி.யில் சாதாரணப் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அப்படி வரும் கடிதம் எங்கள் மேசைக்கு வராது, மேல் மாடியில் ஒரு தனிக் குழுவுக்குப் போகும். எங்களுக்கு இல்லாத அதிகாரம் அவர்களுக்கு உண்டு: பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளலாம், போனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "எனக்கு நியாயம் வேண்டும்" என்று எழுதினால் பதிலும் பொத்தாம்பொதுவாக வரும். "போனைத் திருப்பித் தருகிறேன், மீதித் தவணையை ரத்து செய்யுங்கள்" என்று வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். எங்கள் மூன்று லைன்களும் அவர் பெயரில். என்ன செய்ய வேண்டும்?
*– பெயர் வேண்டாம் என்ற வாசகி*

பதில்: என் ஆழ்ந்த அனுதாபங்கள். அவசரப்பட்டுக் கணக்கை மூட வேண்டாம், மற்ற இரண்டு லைன்களும் சேர்ந்து போய்விடும். முதலில் கணக்கை உங்கள் பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்றச் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழ் நகல் கேட்பார்கள். மாற்றும்போது போன் தவணையையும் உங்கள் பெயரில் ஏற்ற வைப்பார்கள். கையெழுத்துக்கு முன் அது எவ்வளவு என்று கேளுங்கள். அப்பாவின் லைனைப் பிறகு தனியாக நிறுத்தலாம், விலகல் கட்டணம் எதுவும் போட மாட்டார்கள். அவருடைய வங்கி, மருத்துவக் கணக்குகளுக்கு ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும் என்றால் சில மாதம் வைத்திருங்கள்.

கேள்வி: மகன் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான். வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அவனுக்குமா இந்தக் கட்டணம்?
*– வாசகர், சான் அன்டோனியோ, டெக்சஸ்*

பதில்: இல்லை, அவருக்குச் சட்டமே துணை. படைவீரர்களுக்கான எஸ்.சி.ஆர்.ஏ. சட்டப்படி, தற்போதைய சேவை கிடைக்காத இடத்துக்கு 90 நாள் அல்லது அதற்கு மேல் அனுப்பப்பட்டால் செல்போன் ஒப்பந்தத்தை விலகல் கட்டணம் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். ராணுவ உத்தரவின் நகலோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். போவது மூன்று வருடத்துக்கு மேற்படாதது என்றால், திரும்பி 90 நாளுக்குள் மறுபடி சேர்ந்தால் பழைய நம்பரையே தர வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.