வாசகர் கேள்வி – பதில்: தகவலை விற்கத் தயங்கும் மாணவர்கள்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் நூலகத் தகவல் அறிவியல் கற்பிக்கிறேன். தகவலைத் தேடித் தொகுத்து விற்பது போன்ற தகவல் சார்ந்த தொழில் தொடங்க விருப்பமா என்று வினாநிரல் கொடுத்துக் கேட்டால், இறுதியாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் ஆம் என்கிறார்கள். படிப்பு முடிந்ததும் எல்லோரும் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் எழுதிக் கொடுத்தது பொய்யா?

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன். "சொந்தத் தொழில் எனக்குப் பிடிக்கும்" என்ற வரிக்கு எதிரே "முழுமையாக உடன்படுகிறேன்" என்று குறியிடுபவர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கிறாரே தவிர, முடிவைத் தெரிவிக்கவில்லை. உளவியலாளர் ஐசெக் அய்சென் 1991ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கியபடி, ஒரு செயலில் இறங்கும் எண்ணத்துக்கு மூன்று ஊற்றுகள் உண்டு: அச்செயல் மீதுள்ள மனப்பான்மை, நமக்கு வேண்டியவர்கள் அதை ஏற்பார்களா என்ற கணிப்பு, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை. நீங்கள் அளந்தது முதலாவதை மட்டும்தான் என்று தோன்றுகிறது.

மாணவர்கள் தடுமாறுவது மூன்றாவதில். தரவுத்தளத்தில் தேடத் தெரிந்தவருக்குக் கூட, அந்தத் தேடலை யாரிடம் விற்பது, எவ்வளவு கேட்பது என்று யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. தன்னம்பிக்கையை வளர்ப்பதில் ஒரு வேலையைத் தானே செய்து முடித்த அனுபவத்துக்கு நிகரானது வேறில்லை என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977லேயே வாதிட்டார். ஆகவே, தொழில்முனைவு பற்றி இன்னொரு சொற்பொழிவு வைப்பதைவிட, கட்டணம் பெறும் ஒரு சிறு பணியை மாணவரிடம் ஒப்படைப்பது மேல்.

எடுத்துக்காட்டாக, இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்குத் தன் துறையில் எந்தக் காப்புரிமைகள் (கண்டுபிடிப்புகளுக்கான தனியுரிமைகள்) விரைவில் முடிகின்றன என்று தெரிய வேண்டியிருக்கிறது. காப்புரிமைக் காலம் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்பதால், தேதியைக் கூட்டிப் பட்டியலிட யாராலும் முடியும். ஆனால் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தாததால் முன்னரே காலாவதியானவை எவை, ஒரே கண்டுபிடிப்பு பல நாடுகளில் பதிவானதால் பட்டியலில் இருமுறை வந்தவை எவை என்று பிரித்து, எந்தத் தேதியில் எங்கே தேடினோம் என்பதையும் குறித்து இரண்டு பக்க அறிக்கையாகக் கொடுப்பவருக்கே வாடிக்கையாளர் பணம் தருவார். அப்படி ஓர் அறிக்கைக்குக் கட்டணம் வாங்கிய மாணவர் உங்கள் வினாநிரலை அடுத்த முறை வேறு மாதிரி நிரப்புவார்.

கேள்வி: எல்லாத் தகவலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது, அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? (இளங்கலை மாணவர்)

பதில்: இந்தச் சந்தேகம் இணையத்தைவிட மூத்தது. யூஜின் கார்ஃபீல்டு 1950களில் தொடங்கிய தகவல் சேவை, ஆய்விதழ்களின் பொருளடக்கப் பக்கங்களைத் திரட்டி அச்சிட்டுச் சந்தாவுக்கு அனுப்பியது. நூலகத்துக்குப் போனால் எவரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய பக்கங்கள்தாம் அவை. ஆனால் நூற்றுக்கணக்கான இதழ்களைத் தேடிப் புரட்ட ஆய்வாளருக்கு நேரமில்லை. அந்த நேரத்தைத்தான் கார்ஃபீல்டு விற்றார்.

உண்மையான இடர் வேறொன்று. தகவலைப் பார்க்காமல் வாங்குபவருக்கு அதன் மதிப்புத் தெரியாது. பார்த்துவிட்டாலோ வாங்க வேண்டிய தேவையே இல்லை. பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962இல் சுட்டிய முரண் இது. அதனால்தான் இத்துறையில் மாதிரி அறிக்கை, சந்தா, பெயர் சம்பாதித்த நம்பகத்தன்மை ஆகியவை இவ்வளவு முக்கியமாகின்றன. பிறர் தொகுத்த தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்து விற்பதைத் தொழில் என்று எண்ணிவிடாதீர்கள். அது உரிமச் சிக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

கேள்வி: "முதலில் ஒரு வேலையில் சேர், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள் பெற்றோர். என்ன சொல்லிப் புரியவைப்பது? (முதுகலை மாணவி)

பதில்: கடையோ சரக்கோ கண்ணில் படாத தொழில் என்பதால் அவர்களுக்குப் பயம், அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வகைத் தொழிலுக்குப் பெரிய முதல் தேவையில்லை என்பது உங்களுக்குச் சாதகம். வேலையில் சேர்ந்தாலும், நிறுவன விதிகள் அனுமதித்தால், ஓய்வு நேரத்தில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களுக்குச் செய்து கொடுங்கள். அதே வாடிக்கையாளர் நீங்கள் கேட்காமலே இரண்டாம் முறை வேலை கொடுத்தால், அந்தக் கட்டண ரசீதைப் பெற்றோரிடம் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.