வாசகர் கேள்வி–பதில்: சின்னக் கார் வாங்கும்போதே விற்கும் விலையையும் பாருங்கள்

கேள்வி: வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், கோவிலுக்குப் போய்வரவும் ஒரு புதுக் கார் வேண்டும். 280,000 ராண்ட் வரை போகலாம். ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்பதாக எண்ணம். போலோ விவோ, சுசுகி ஸ்விஃப்ட், டொயோட்டா ஸ்டார்லெட், இவற்றில் எதில் நஷ்டம் குறைவு? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: மூன்றுமே நல்ல தேர்வுதான் அம்மா. இந்த மூன்றுக்கும் நம் தென்னாப்பிரிக்காவின் பழைய கார் சந்தையில் ஆள் காத்திருக்கிறது. ஆனால் எதில் நஷ்டம் குறைவு என்பதை ஷோரூம் விலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வாங்கிய விலையில் விற்ற விலையைக் கழித்து, அதோடு ஐந்து வருட பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் செலவைக் கூட்டினால் வருவதுதான் அந்தக் காரின் உண்மையான விலை. புதுக் கார் விலையில் 15 சதவீத வாட் வரி அடங்கியிருக்கிறது. வண்டி கேட்டைத் தாண்டியதும் அந்தப் பணம் திரும்பி வராது. அதனால் ஒரே வருடத்தில் விற்பவருக்கு நஷ்டம் அதிகம். ஐந்து வருடம் என்ற உங்கள் திட்டம் சரியானது. பத்து வயதை நெருங்கும் காருக்குப் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். ஐந்து வருடத்தில் விற்றால், வாங்குபவருக்கும் கடன் சுலபமாகக் கிடைக்கும்.

விவோ நம் நாட்டிலேயே, காரியேகாவில் தயாராகிறது. உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், தெருமுனை மெக்கானிக்குக்கூட அதன் என்ஜின் அத்துப்படி. பழைய விவோவுக்கு விலை நிற்பதன் காரணம் இதுதான். குறை என்னவென்றால், ஸ்விஃப்டைவிட 100 கி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் கூடக் குடிக்கும். வருடம் 15,000 கி.மீ. ஓடினால் ஐந்து வருடத்தில் 750 லிட்டர். லிட்டர் 20 ராண்ட் என்று வைத்தாலே 15,000 ராண்ட் ஆகிறது. 1.4 என்ஜினில் டைமிங் பெல்ட் இருப்பதையும் மறக்காதீர்கள். கெடு தாண்டி அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜினே போய்விடும். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்விஃப்டிலும் ஸ்டார்லெட்டிலும் இருப்பது செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றி வந்தால் அதில் கைவைக்கும் தேவை அநேகமாக வராது.

ஸ்டார்லெட் என்பது உள்ளுக்குள் சுசுகி பலேனோதான். இந்தியாவில் தயாராகி, டொயோட்டா முத்திரையோடு இங்கே வருகிறது. 2022க்குப் பிறகு வந்ததில் 77 கிலோவாட் தரும் 1.5 லிட்டர் என்ஜின். சாட்ஸ்வொர்த் மேட்டில் நாலு பேரோடு ஏறும்போது அந்தச் சக்தி நன்றாகவே தெரியும். டொயோட்டா பெயருக்கு இந்த நாட்டில் இருக்கும் நம்பிக்கை விற்கும் நாளில் உதவும். ஆகவே உங்கள் தேவைக்கு என் தேர்வு ஸ்டார்லெட், மேனுவல் கியர். மாதச் செலவு இன்னும் குறைய வேண்டும் என்றால் ஸ்விஃப்ட்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். மூன்று காருக்கும் இன்சூரன்ஸ் தொகை கேளுங்கள். போலோ, டொயோட்டா வண்டிகள் திருடர்கள் அதிகம் தேடுபவை. உங்கள் தெருவையும், வண்டி இரவில் எங்கே நிற்கும் என்பதையும் பார்த்து, டிராக்கர் கட்டாயம் என்று கம்பெனி சொல்லலாம். மாதம் 300 ராண்ட் வித்தியாசம் வந்தால் ஐந்து வருடத்தில் 18,000. அடுத்து, விலைப்பட்டியலில் டெலிவரி, ஆவணக் கட்டணம் என்று தனித்தனியாக ஏற்றிய தொகைகளைப் பாருங்கள். லைசென்ஸ், பதிவு, நம்பர் பிளேட் தவிர மற்றதெல்லாம் பேரம் பேசக்கூடியவை. தைரியமாகக் கேளுங்கள், குறைப்பார்கள்.

கேள்வி: மூன்று வயதான கார் வாங்கலாம் என்றிருக்கிறேன். வெளியில் பளபளவென்று இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் விபத்திலோ வெள்ளத்திலோ கழித்துக்கட்டப்பட்டு மறுபடி கட்டிய வண்டி. விலை கொள்ளை மலிவாக இருக்கும். ஆனால் கடனும் இன்சூரன்ஸும் கிடைப்பது கஷ்டம், நாளை வாங்க ஆளும் வராது. மறுவிற்பனையை நினைப்பவர் அதைத் தொடவே வேண்டாம். உரிமை ஒரு வங்கியின் பெயரில் இருந்தால் கடன் பாக்கி இருக்கிறது என்று பொருள். வங்கியின் பாக்கிக் கடிதம் பார்க்காமல் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். பாக்கித் தொகையை நேராக வங்கிக்கே கட்டுங்கள்.

2022 ஏப்ரலில் குவாசுலு–நட்டாலில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரில் நின்ற வண்டியா என்று பார்ப்பது நம் பக்கத்தில் மிக அவசியம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் கழுவ நினைக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தில் மண்கறைக் கோடு நிற்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, முன்சீட் அடியில் உள்ள தண்டவாளத்தின் போல்ட்டுகள், ஃபியூஸ் பெட்டி, இந்த மூன்றிலும் துருவோ பச்சைப் பூச்சோ இருந்தால் வேண்டாம். பேட்டரி புதிதாக இருப்பதால் ஏமாறாதீர்கள். ஈரத்தில் நின்ற வயரிங் ஆறு மாதம் கழித்துத்தான் தொல்லை தர ஆரம்பிக்கும்.

டிசையர், எஸ்-பிரெஸ்ஸோ, கொரோலா குவெஸ்ட் போன்றவை வாடகை ஓட்டத்தில் நிறைய இருக்கின்றன. மீட்டர் குறைவாகக் காட்டினாலும் இடது பின்கதவு உண்மை சொல்லிவிடும். பயணிகள் ஏறி இறங்குவது அந்தப் பக்கம்தான். கதவுப் பிடி தளர்ந்து, கதவடிப் படியின் பெயின்ட் தேய்ந்து, வலது பின்கதவு மட்டும் புதிதாக இருந்தால் கேள்வி கேளுங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 3221 என்றால் 2021ஆம் வருடம் 32ஆவது வாரம் செய்தது. மீட்டரில் 25,000 கி.மீ. மட்டும் காட்டி, நாலு டயரும் காரைவிட இரண்டு வயது இளையதாக இருந்தால் மீட்டரை நம்ப முடியாது.

மேட்டுத் தெருக்களில் ஓடிய வண்டிக்குக் கிளட்ச் சீக்கிரம் தேயும். நாலாவது கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். என்ஜின் சுற்று மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. புளஃப், இசிப்பிங்கோ பக்கம் கடலோரத்தில் நின்ற வண்டியா? கதவுகளின் கீழ் விளிம்பு, பின்கதவின் உள்மடிப்பு, பிரேக் குழாய், ஏசி கண்டென்சர் இவற்றில் உப்புத் துரு தேடுங்கள்.

டீலரிடம் வாங்கும்போது 'வூட்ஸ்டூட்ஸ்', அதாவது இருப்பது இருந்தபடியே என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் பயப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி விற்ற பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும். அந்தக் காகிதம் இந்த உரிமையைப் பறிக்காது. தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே உங்கள் கண்ணும் மெக்கானிக்கின் கண்ணும்தான் காவல்.

கேள்வி: வங்கியில் பலூன் தொகை போட்டால் மாதத் தவணை குறையும் என்கிறார்கள். நல்லதுதானே? (வாசகர், வெருலம்)

பதில்: விற்கும் எண்ணம் இருப்பவருக்கு நல்லதல்ல. பலூன் என்பது கடனில் ஒரு பகுதியைத் தள்ளிவைத்து, கடைசியில் மொத்தமாகக் கட்டும் தொகை. 240,000 ராண்ட், 12 சதவீத வட்டி, 72 மாதம் என்று கணக்குப் போடுவோம். பலூன் இல்லாமல் தவணை சுமார் 4,690. முப்பது சதவீத பலூன், அதாவது 72,000 கடைசியில் கட்டுவதாக வைத்தால் தவணை சுமார் 4,005. மாதம் 685 மிச்சம் போலத் தெரியும். ஆனால் மொத்தத்தில் 22,500 ராண்ட் கூடக் கட்டுகிறீர்கள். அதைவிட முக்கியம், மூன்றாவது வருட முடிவில் விற்க நினைத்தால் பலூன் இல்லாத கடனில் பாக்கி சுமார் 141,000, பலூன் உள்ள கடனில் 171,000. அன்றைய சந்தை விலை 160,000 என்றால் முதல் ஆளுக்குக் கையில் பணம் வரும். இரண்டாம் ஆள் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் காரை விற்கவே முடியும். தவணை கட்டுப்படியாகவில்லையென்றால் விலை குறைந்த காரைப் பாருங்கள், பலூனைப் பார்க்காதீர்கள். கடன் 250,000க்குள் இருந்தால் முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. அதற்கு மேல் போனால் மூன்று மாத வட்டி வரை கேட்கலாம்.

கேள்வி: ஒரு லிட்டர் என்ஜின் கார் போதுமா? ஈஸ்டருக்கு டர்பன் போய் வருவோம், ஐந்து பேர். (வாசகர், லெனேசியா)

பதில்: ஊருக்குள் போதும், உங்கள் பயணத்துக்குப் போதாது. உங்கள் ஊர் இருக்கும் ஜோஹனஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்று மெல்லிசு. டர்போ இல்லாத என்ஜின் 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் சக்தி இழக்கும். எஸ்-பிரெஸ்ஸோவின் 49 கிலோவாட் உங்கள் ஊரில் 41 போலத்தான். ஐந்து பேர், பெட்டி, ஏசி, டர்பன் வழியில் உள்ள வான் ரீனன் கணவாயில் லாரிக்குப் பின்னால் மூன்றாம் கியர்: அந்த நிலையில் முந்துவது ஆபத்து. குறைந்தது 1.2 லிட்டர், முடிந்தால் 1.5 பாருங்கள்.

கேள்வி: வாரன்டி இருக்கும்போது பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யலாமா? விற்கும்போது விலை குறையுமா? (வாசகி, டொங்காட்)

பதில்: செய்யலாம். 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, வெளியில் சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரன்டியை ரத்து செய்யக்கூடாது. அந்த ஒர்க்‌ஷாப்பின் தவறால் கெட்ட பாகத்துக்கு மட்டும் கம்பெனி பொறுப்பல்ல. ஆனால் விற்கும் விலைக்கு சர்வீஸ் புத்தகம் முக்கியம். தேதி, கி.மீ., ஊற்றிய ஆயிலின் தரம், மாற்றிய ஃபில்டர், முத்திரை எல்லாம் இருக்கட்டும். பில்களை ஒரே உறையில் வையுங்கள். சர்வீஸ் பிளான் காரோடு வந்திருந்தால் அது முடியும் வரை டீலரிடமே விடுங்கள், அதற்குப் பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று.

இன்னொன்று, இதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். பிள்ளையாரை டாஷ்போர்டின் இடது பக்கம் பசைபோட்டு ஒட்டாதீர்கள். அந்த மூடிக்கு அடியில் ஏர்பேக் இருக்கிறது. விபத்தில் அது வெடித்துத் திறக்கும்போது சிலை பக்கத்தில் இருப்பவர் முகத்தில் பாயும். ஓட்டுநர் முன்னால் இருக்கும் மீட்டருக்கும் நடுக் காற்றுத் துவாரத்துக்கும் இடையே சின்னதாக, எடுக்கக்கூடிய ஒட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பசைத் தழும்பும் விழாது.

விற்ற அன்றே உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்ற 21 நாள் உண்டு. அவர் மறந்தால் வேக அபராதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். படிவத்தின் நகலையும் அவருடைய அடையாள அட்டை நகலையும் பத்திரமாக வையுங்கள்.