கட்சி டிவியும் கம்பெனி டிவியும்

அன்புள்ள சார்,
பெருநிறுவனங்கள் செய்தி சேனல்களை வாங்குவது பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் எந்த சேனல் எந்தக் கட்சி என்று சின்னப் பையனுக்கும் தெரியும். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் பார்க்கிறோம். முதலாளி டிவியையும் அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமே?
கே., கோவை

அன்புள்ள கே.,

கழித்துப் பார்ப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்தான். ஜெயா டிவியையும் சன் டிவியையும் மாற்றி மாற்றிப் பார்த்து, உண்மை நடுவில் எங்கோ இருக்கும் என்று முடிவுகட்டியவர்கள். 2007இல் ஒரு கருத்துக்கணிப்பால் வெடித்த குடும்பச் சண்டையில் கலைஞர் டிவி பிறந்ததைக்கூட ஊரே வேடிக்கை பார்த்தது.

ஆனால் கழிக்க வேண்டுமென்றால் முதலாளிக்கு எதில் ஆதாயம் என்று தெரிய வேண்டும். கட்சிக்கு ஓட்டு, சரி. என்டிடிவி செய்தி சேனலை வாங்கிய அதானி குழுமத்துக்குத் துறைமுகம், விமான நிலையம், மின்சாரம், நிலக்கரி, சிமெண்ட் என்று எத்தனையோ. காட்டுப்பள்ளி துறைமுகம் 2018இல் அவர்கள் கைக்குப் போனது. அதன் விரிவாக்கத்தைப் பழவேற்காடு மீனவர்கள் எதிர்க்கிறார்கள். அந்த மீனவர்களைப் பற்றி டிவியில் பொய் சொன்னால் யாராவது மறுப்பார்கள். செய்தியே வராவிட்டால் எதிலிருந்து எதைக் கழிப்பீர்கள்? அப்படி மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மறைத்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது, அதுதான் சிக்கல்.

அப்புறம், என்டிடிவி கைமாறிய கதை. 2009-10இல் அதன் நிறுவனர்களான ராய் தம்பதியின் ஆர்ஆர்பிஆர் நிறுவனம், விஷ்வபிரதான் கமர்ஷியல் என்ற கம்பெனியிடம் சுமார் 400 கோடி ரூபாய் கடன் வாங்கியது. வட்டி கிடையாது! வட்டியில்லாமல் அவ்வளவு பணம் யார் தருவார்கள்? கடன் கொடுத்தவர் நினைத்தால் ஆர்ஆர்பிஆரின் 99.99 சதவீதத்தைத் தன் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று பத்திரத்தில் இருந்தது. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் அந்தக் கம்பெனியை வாங்கி, அந்த உரிமையைக் கையில் எடுத்தது. சேனலில் ஆர்ஆர்பிஆர் வைத்திருந்த 29.18 சதவீதமும் கூடவே போனது. எங்களைக் கேட்காமலே நடந்தது என்றது என்டிடிவி. நவம்பர் கடைசியில் அதன் பிரபல இந்தி செய்தியாளர் ரவீஷ் குமார் விலகினார். டிசம்பரில் ராய் தம்பதியே மிச்சப் பங்குகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டார்கள்.

நடுவில் பதின்மூன்று வருடம் அந்தச் சேனலைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கடனைக் கழித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள்?

இன்னொன்று. நியூஸ்18 தமிழ்நாடு, நெட்வொர்க்18 வழியாக ரிலையன்ஸ் குழுமத்துடையது. அதை எந்தக் கட்சிக் கணக்கில் வைத்திருந்தீர்கள்?