டெஸ்ட் பாஸ்… அப்புறம் எதற்கு சேஃப்டி கோர்ஸ்?

கேள்வி: ஐயா, டைல்ஸ் வேலைக்கு ஊரிலேயே ஸ்கில் டெஸ்ட் அடித்துப் பாஸாகிவிட்டேன். அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறேன். அங்கே போனதும் சேஃப்டி கோர்ஸ் வேறு பாஸாக வேண்டும், அப்போதுதான் வேலை பெர்மிட் என்கிறார் ஏஜென்ட். கையில் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் இருப்பவனுக்கு இது எதற்கு?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ஏஜென்ட் சொன்னது சரிதான் தம்பி. டெஸ்டில் டைல்ஸ் ஒரே மட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். கிரேன் சுமையைத் தூக்கும்போது எங்கே நிற்கக் கூடாது என்று கேட்டிருக்க மாட்டார்கள். அது இந்தக் கோர்ஸில் வரும். போய் இறங்கிய 2 வாரத்துக்குள் வகுப்பில் உட்கார வேண்டும். தமிழிலேயே நடத்துகிறார்கள், பயப்படாதீர்கள். ஒரு தடவை பாஸானால் ஆயுசுக்கும் போதும் என்றும் நினைக்காதீர்கள். கட்டுமானத் துறையில் 6 வருடம் தாண்டும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் 4 வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பாஸாக வேண்டும்.

கோர்ஸ் பாஸாகி சேஃப்டி கார்டு வாங்கிவிட்டால் எந்த உயரமும் ஏறலாம் என்பதும் கிடையாது. உயர வேலைக்குத் தனிப் பயிற்சி உண்டு. 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள இடமென்றால் அந்த வேலைக்கென்று எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

சிங்கப்பூர் துவாஸில் எனக்கு முதல் வருடம். கோர்ஸ் பாஸ், பெல்ட் இறுக்கிக் கட்டியாயிற்று, கொக்கியும் மாட்டியாயிற்று. மாட்டியது எதில்? தலைக்கு மேலே போன ஒரு பிவிசி குழாயில்! வங்காளதேசத்து சூப்பர்வைசர் ஒருவர் ஏறி வந்து ஒற்றைக் கையால் இழுத்தார். குழாய் கழன்று வந்துவிட்டது. திட்டவில்லை. குழாயை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேள்வி: சிங்கப்பூரில் சிறிய ஏசி கான்ட்ராக்ட் கம்பெனி வைத்திருக்கிறேன். என் ஆட்கள் அத்தனை பேரிடமும் சேஃப்டி கார்டு இருக்கிறது. ஆனாலும் மெயின் கான்ட்ராக்டர் ‘பிஸ்சேஃப் லெவல் 3’ இருந்தால்தான் வேலை என்கிறார். நியாயமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: நியாயம்தான். கார்டு ஆளுக்கு, பிஸ்சேஃப் என்கிற பாதுகாப்புச் சான்று கம்பெனிக்கு. அதிலும் லெவல் 1-க்கு வகுப்பில் உட்கார வேண்டியது முதலாளியாகிய நீங்கள்தான்! (இதைக் கேட்டதும் பல முதலாளிகளுக்குத் திடீரென்று வெளியூர்ப் பயணம் வந்துவிடும்.) லெவல் 2-க்கு உங்கள் ஆள் ஒருவர் அபாய மதிப்பீடு, அதாவது எந்த வேலையில் என்ன ஆபத்து, அதை எப்படித் தடுப்பது என்று எழுதி வைப்பது, அதைச் செய்யப் படித்து வர வேண்டும். லெவல் 3-க்கு, அந்த மதிப்பீட்டை வெளியிலிருந்து ஆடிட்டர் வந்து சரிபார்ப்பார்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடுத்த கம்பெனியின் மதிப்பீட்டுப் பேப்பரை வாங்கி மேலே பெயரை மட்டும் மாற்றுவது. ஒரு பெயின்டிங் கம்பெனியின் ஃபைலில் ‘கடலுக்கடியில் வெல்டிங்’ என்று இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நீங்களே எழுதுங்கள். எழுதும்போது, ஏணியில் ஏறி அவுட்டோர் யூனிட்டை மாட்டுகிற பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுவரில் போல்ட் பிடிக்காது என்பது அவனுக்குத்தான் தெரியும்.