பழைய காருக்குப் புது பெயிண்ட்: வாசகர் கேள்விகள்

என்னிடம் 2004 மாருதி 800, வெள்ளை நிறம் இருக்கிறது. கூரை மங்கிவிட்டது, கதவுகளின் அடியில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. முழு பெயிண்டிங்குக்கு ஒரு பட்டறையில் கேட்டதைப் போல இரண்டரை மடங்கு இன்னொரு பட்டறையில் கேட்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே கம்பெனி பெயிண்ட்தான் என்கிறார்கள். எதற்கு இவ்வளவு வித்தியாசம்?
— வாசகர், தூத்துக்குடி

இரண்டு பேரும் ஒரே பெயிண்ட் அடிக்கலாம். வித்தியாசம் பெயிண்ட்டுக்கு அடியில் இருக்கும் வேலையில். ‘என்ன பெயிண்ட்?’ என்று கேட்பதை விட்டு, ‘எதையெல்லாம் கழற்றுவீர்கள், துருவை என்ன செய்வீர்கள்?’ என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

பம்பர், விளக்குகள், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஓர ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவதற்கே நிறைய நேரம் போகும். குறைந்த கூலியில் செய்பவர் பீடிங் மேல் டேப் ஒட்டி அடித்துவிடுவார். புது பெயிண்ட்டின் விளிம்பு அந்த டேப் ஓரத்திலேயே நின்றுவிடும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, பின்னால் உரியத் தொடங்குவதும் அங்கேதான்.

கதவு அடியில் கொப்பளித்திருந்தால் துரு உள்ளிருந்து வந்திருக்கிறது. கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் மண்ணால் அடைத்துக்கொண்டால், மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கித் தகட்டை அரிக்கும். கடற்கரை ஊர் என்பதால் உப்புக் காற்றும் சேர்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வெல்டிங் செய்வதுதான் வழி. பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேலேயே பட்டி பூசினால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடி கொப்புளம் கிளம்பும்.

தகடு கெட்டியாக இருந்தால் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் (இரும்பின் மேல் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். ஒரு ராத்திரி சும்மா விட்டால்கூட உங்கள் ஊரில் மெல்லிய துரு படர்ந்துவிடும்.

நெளிவை டிங்கர் தட்டி எடுத்த பிறகு மிச்சமிருக்கும் சிறு பள்ளத்துக்கு மட்டும்தான் பட்டி. கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெயிலிலும் அதிர்விலும் விரிசல் விடும். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் (இறுக வைக்கும் கலவை) போதும். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகக் கலந்தால், மிஞ்சிய ஹார்டனர் மேலே ஊறி வெள்ளை பெயிண்ட்டில் மஞ்சள் கறையாகத் தெரியும். குறைத்துக் கலந்தால் அடிப்பகுதி இறுகாது. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க விடாதீர்கள். 80, 180, 320 என்று உலர்வாகவே தேய்க்க வேண்டும்.

அதன்மேல் இரண்டு மூன்று கோட் பி.யு. (பாலியூரித்தேன்) பிரைமர். நல்ல பெயிண்டர் பிரைமர் காய்ந்ததும் கறுப்புப் பொடியைத் தடவியோ மெல்லிய கறுப்பைத் தூவியோ 600 வாட்டர் பேப்பரால் தேய்ப்பார். மேடான இடங்களில் கறுப்பு போய்விடும். பள்ளத்திலும் பழைய உப்புத்தாள் கீறலிலும் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கறுப்பு எங்குமே தெரியாமல் போகும்வரை தேய்த்தால்தான் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது பிம்பம் நெளியாது. பிரைமர் முடிந்த நிலையில் ஒருமுறை வண்டியைப் போய்ப் பாருங்கள். கலர் ஏறிவிட்டால் எதையும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பழைய வண்டிக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் போதும், பி.யு. வீண் செலவு என்கிறார் பெயிண்டர். சரியா?
— வாசகர், திண்டுக்கல்

சரியில்லை. என்.சி. தின்னர் ஆவியானதும் காய்கிறது, அவ்வளவுதான். திரும்பத் தின்னர் பட்டால் கரையும். வெயிலில் சீக்கிரம் மங்கும். பி.யு. ஹார்டனரோடு சேர்ந்து இறுகுவதால், முழுதாகக் காய்ந்த பிறகு பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும். இன்னொரு சோதனை அவசியம்: தின்னர் நனைத்த துணியால் பழைய பெயிண்ட்டைத் தேய்த்துப் பாருங்கள். கலர் துணியில் ஒட்டினால் ஏற்கெனவே இருப்பது என்.சி. அதன்மேல் நேராக பி.யு. அடித்தால் சுருங்கி எழும்பலாம். சுரண்டி எடுத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

சில்வர் மெட்டாலிக் காரில் ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தேன். கலர் கோடு (நிறத்துக்குக் கம்பெனி தரும் குறியீடு) சரியாகக் கொடுத்தும் அந்தக் கதவு தனியாகத் தெரிகிறது.
— வாசகி, சேலம்

கோடு என்பது வண்டி புதிதாக வந்தபோது இருந்த நிறம். மற்ற கதவுகள் வெயிலில் வெளுத்திருக்கும். அதோடு, மெட்டாலிக்கில் அடிக்கும் கையும் நிறத்தை மாற்றும்: ஈரமாக அடித்தால் கருமை கூடும், உலர்வாகத் தூவினால் வெளுத்துத் தெரியும். அதனால் சிறு தகட்டில் அடித்து, மேலே க்ளியரும் (நிறமில்லாத மேல்பூச்சு) போட்டு, காய்ந்தபின் வண்டியோடு வைத்து வெயிலில் பார்த்து நிறத்தைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு பக்கத்துக் கதவிலும் ஃபெண்டரிலும் பாதிவரை கலரை மங்கலாக இழைத்து, அந்தப் பாகங்கள் முழுவதும் க்ளியர் அடிக்க வேண்டும். சில்வரில் ஒரே பாகத்தோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

புது பெயிண்ட்டில் மீன் கண் போலச் சின்னச் சின்னக் குழிகள். பெயிண்ட் மட்டமா?
— வாசகர், கும்பகோணம்

பெயிண்ட் மேல் குற்றமில்லை. டேஷ்போர்டு, டயர் பாலிஷ்களில் உள்ள சிலிக்கோன் தகட்டில் இருந்திருக்கும். உப்புத்தாள் போடும் முன்பே மெழுகு நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் அது ஏற்கெனவே கீறலுக்குள் போயிருக்கும். கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் கலந்தாலும் இதே குழிகள் வரும். இப்போது மேலே இன்னொரு கோட் அடித்து மூடப் பார்க்காதீர்கள். நன்றாகக் காயவிட்டு, குழி மறையும்வரை தேய்த்து, சுத்தம் செய்து மறுபடி அடிக்க வேண்டும்.

ஐப்பசியில் பெயிண்ட் அடிக்கலாமா?
— வாசகர், கடலூர்

திறந்த கொட்டகையில் வேண்டாம். பி.யு. ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து பளபளப்பைக் கெடுக்கும், நுண்குமிழிகள் வரும். சூடேற்றும் பூத் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) இருந்தால் பயமில்லை. அங்கே தகடே 60 டிகிரிக்கு வந்தபின் அரை மணி நேரம் வைக்க வேண்டும். காற்றின் சூட்டை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. வண்டி கைக்கு வந்தபின் ஒரு மாதம் வேக்ஸ் போடாதீர்கள். பறவை எச்சம் விழுந்தால் அப்போதே தண்ணீரால் கழுவுங்கள்.

வெள்ளையைச் சிவப்பாக மாற்றலாமா?
— வாசகர், ஈரோடு

மாற்றலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிப் பதிய வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். கதவு உள்விளிம்பு, டிக்கி, பானெட் அடி எல்லாம் சிவப்பாக்கும் கூலியையும் சேர்த்துக் கேளுங்கள்.