தோழமை, காதல், அரசியல்: குயர் வாழ்க்கை குறித்த கேள்வி பதில்

இடதுசாரி இயக்கப் பணியில் நெடுங்காலம் இருந்துவரும் குயர் (தற்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோரைக் குறிக்கும் பொதுச்சொல்) தோழர் ஒருவரிடம் பலர் கேட்ட கேள்விகளும் அவர் எழுதி அளித்த பதில்களும் இங்கே தரப்படுகின்றன. கேட்டவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் அரசு என்ற அதிகாரமே வேண்டாம் என்னும் அனார்க்கிசக் கருத்துள்ளவன், தற்பாலீர்ப்பு ஆண். குயர் நண்பர்களின் ஒன்றுகூடல்களுக்குப் போனால் அங்கே யாருக்கும் அரசியல் வேண்டாம். அரசியல் கூட்டத்துக்குப் போனால் நான் ஒருவன் மட்டுமே குயர். இரண்டும் பொருந்தியவர்களை எங்கே தேடுவது, தோழர்?

பதில்: ஆட்களைத் தேடுவதைச் சற்று ஒத்திவைத்துவிட்டு வேலையைத் தேடுங்கள். வீட்டைவிட்டு விரட்டப்பட்ட குயர் இளைஞர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வது, சிறையில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுவது, எச்.ஐ.வி. மருந்து தடையின்றிக் கிடைக்கப் போராடுவது, வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குச் சங்கம் அமைப்பது போன்ற பணிகளுக்கு வருபவர்களிடையே நீங்கள் எதையும் மறைக்க வேண்டியிருக்காது. ஒருவர் எப்படிப் பேசுவார் என்பதைத்தான் கருத்தரங்கில் அறியலாம். எப்படி நடந்துகொள்வார் என்பதை அறிய, அதே முகங்கள் மீண்டும் மீண்டும் கூடும் சிறிய பணிக்குழுவே ஏற்ற இடம். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்குபவர் யார், அன்று முதன்முறையாக வந்து சுவரோரம் நின்றவரிடம் தானாகப் போய்ப் பேசுபவர் யார், வாக்கெடுப்பில் தன் யோசனை தோற்ற பின்பும் மறுநாள் துண்டறிக்கைக் கட்டைச் சுமக்க வருபவர் யார் என்று கவனியுங்கள். நண்பராகவும் துணையாகவும் நிலைக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர்களே.

அரசியல் பேசாத கூட்டத்தையும் அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம். 1955இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நான்கு பெண் இணையர்கள் சேர்ந்து டாட்டர்ஸ் ஆஃப் பிலைட்டிஸ் என்ற அமைப்பைத் தொடங்கியபோது, மதுக்கூடங்களில் நடக்கும் போலீஸ் சோதனைக்கு அஞ்சாமல் ஒன்றுகூடி நடனமாட ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்களின் நோக்கமாக இருந்தது. அதுவே பின்னர் இதழ் நடத்தும், உரிமைக்குக் குரல் கொடுக்கும் அமைப்பாக வளர்ந்தது. 1961இல் அந்த அமைப்பினரின் பிக்னிக் ஒன்றில் சந்தித்துக்கொண்ட பார்பரா கிட்டிங்ஸும் கே லஹுசனும் 2007இல் கிட்டிங்ஸ் இறக்கும் வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். 1965இல் வெள்ளை மாளிகையின் முன் நடந்த மறியலில் கிட்டிங்ஸ் பதாகை ஏந்தினார். லஹுசன் அந்த மறியல்களைப் படமெடுத்தார். இன்று ஆடை அலங்காரம் மட்டும் பேசுபவர் நாளைக்கும் அதையே பேசுவார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

கேள்வி: டேட்டிங் செயலியில் என் சுயவிவரத்தில் ‘முதலாளித்துவத்தை எதிர்ப்பவர்கள் மட்டும் பேசவும், மிதவாதிகள் விலகவும்’ என்று எழுதியிருக்கிறேன். யாரும் பேசுவதில்லை. நீக்கிவிடலாமா?

பதில்: கொள்கையை நீக்க வேண்டாம், அதைச் சொல்லும் விதத்தை மாற்றுங்கள். அந்த இரண்டு வாக்கியங்களும் வாசலில் ஒட்டிய எச்சரிக்கைப் பலகையைப் போல இருக்கின்றன: யார் வரக்கூடாது என்பது தெரிகிறது, உள்ளே இருப்பவர் யார் என்பது தெரியவில்லை. அதற்குப் பதிலாக, ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்போர் சங்கத்துக்காக வீடு வீடாகப் போவேன், மாலையில் பழைய துப்பறியும் நாவல்களைப் படிப்பேன், வேலைநிறுத்தம் நடக்கும் கடையில் பொருள் வாங்க மாட்டேன்’ என்று எழுதிப் பாருங்கள். உங்கள் கட்சி எது என்பது புரிந்துவிடும். பேச்சைத் தொடங்க மூன்று வழிகளும் கிடைத்துவிடும். வாதத்துக்காகவே வருபவர்களுக்கு விளக்கமளித்துக்கொண்டிராமல் பிளாக் செய்துவிட்டு உறங்கப் போங்கள்.

கேள்வி: நான் மார்க்சியப் பெண். நான் நேசிக்கும் பெண் கடினமாக உழைப்பவள், அன்பானவள். ஆனால் கூட்டத்துக்கு வரமாட்டாள், நூல்கள் படிக்கமாட்டாள். அரசியலில் ஒத்துப்போகாத உறவு நிலைக்குமா?

பதில்: அவர் கூட்டத்துக்கு வராதது கருத்து வேறுபாடா, அல்லது நாள் முழுதும் உழைத்த உடலின் களைப்பா என்பதை முதலில் கேட்டறியுங்கள். ஆங்கிலேய சோசலிஸ்ட் எட்வர்ட் கார்ப்பென்டர், கேம்பிரிட்ஜில் பயின்றவர். அவருடைய துணைவரான ஜார்ஜ் மெர்ரில், ஷெஃபீல்ட் நகரத்தின் சேரியில் வளர்ந்த, முறையான கல்வி அதிகம் பெறாத தொழிலாளி. 1898இல் மில்தோர்ப் கிராமத்தில் ஒரே வீட்டில் ஊரறிய வாழத் தொடங்கிய இந்த இருவரையும் 1928இல் மெர்ரிலின் மரணம்தான் பிரித்தது. நூல்களைப் படித்தவர்தான் அரசியல் உள்ளவர் என்ற அளவுகோலை, தொழிலாளி வர்க்கத்தைப் பற்றிப் பேசும் நாமே கையில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும்.

எனினும் எல்லா வேறுபாடும் ஒரே தரமுடையது அன்று. தேர்தலில் பங்கேற்பதா புறக்கணிப்பதா என்பதில் முரண்படும் இருவர் நிம்மதியாகக் குடும்பம் நடத்தலாம். திருநர் தோழர்களை இழிவாகப் பேசுபவரோடும், ஏழைகள் சோம்பேறிகள் என்று நம்புபவரோடும் உங்களால் நடத்த முடியாது, முயலவும் வேண்டாம்.

கேள்வி: ஒரே குழுவில் பணிபுரியும் தோழர் மீது காதல் கொண்டிருக்கிறேன். சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், பணிக்கு வெளியே, ஒரே ஒரு முறை. ‘விருப்பமில்லை என்றால் மறுபடி கேட்க மாட்டேன், வேலை வழக்கம்போல நடக்கும்’ என்ற உறுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு அந்த உறுதியைக் காப்பாற்றுங்கள். அவர் நேற்றுத்தான் சேர்ந்தவராகவும் நீங்கள் பொறுப்பில் இருப்பவராகவும் இருந்தால் இப்போது சொல்ல வேண்டாம். உங்களிடம் மறுப்புச் சொல்வது அவருக்கு எளிதல்ல, சொன்னால் அமைப்பையே இழக்க நேரிடும் என்று அவர் அஞ்சக்கூடும். கொள்கைப் பிளவு என்று பத்துப் பக்க அறிக்கையோடு வெளிவந்த சிலவற்றின் அடியில் ஒரு காதல் முறிவு இருந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அறிக்கை எழுதியவர்களுக்கும் அது தெரியும்.

கேள்வி: ஒருவரோடு மட்டும் வாழ விரும்புவது உடைமை மனப்பான்மை என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நான் பிற்போக்கானவரா?

பதில்: இல்லை. சுதந்திரக் காதலை மேடைதோறும் பேசிய அனார்க்கிஸ்ட் எம்மா கோல்ட்மன், தன் காதலர் பென் ரைட்மனின் பிற உறவுகளால் பொறாமையில் வெந்ததை அவருடைய கடிதங்களே காட்டுகின்றன. பல்லுறவு, அதாவது ஒரே காலத்தில் பலரோடு காதல் உறவு, எல்லோரும் மனமொத்து ஏற்றால் நல்ல வாழ்க்கைமுறை. கொள்கையின் பெயரால் ஒருவரை அதில் தள்ளுவது வற்புறுத்தலே.

கேள்வி: எங்கள் அமைப்பில், ‘குயர் பிரச்சினையைப் புரட்சிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். அங்கே எனக்கு உண்மையான நட்பு கிடைக்குமா?

பதில்: ‘பிறகு’ என்ன நடந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. சோவியத் ரஷ்யாவின் 1922ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் ஆண்களிடையேயான உறவு குற்றமாக இடம்பெறவில்லை. 1934இல் ஸ்டாலின் ஆட்சி அதை மீண்டும் குற்றமாக்கியது. கியூபாவில் 1960களின் நடுவில் தற்பாலீர்ப்பு ஆண்கள் பலர் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த அநீதிக்குத் தானே பொறுப்பு என்று ஃபிடல் காஸ்ட்ரோ 2010இல்தான் ஒப்புக்கொண்டார். புரட்சி வந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 1984இல் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு லண்டன் குயர் தோழர்கள் நிதி திரட்டி, தெற்கு வேல்ஸின் டலைஸ் பள்ளத்தாக்குக்கு நேரில் சென்று அங்குள்ள வீடுகளில் தங்கினார்கள். 1985இல் லண்டனின் குயர் பேரணியான பிரைட் பேரணியில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகைகளோடு நடந்தார்கள். அதே குழுவில் ஆண்களின் ஆதிக்கம் தாங்காமல் பெண்கள் சிலர் தனிக் குழு அமைத்ததும் உண்மை. ஆகவே அதைப் பொற்காலமாக்கிப் பேச மாட்டேன். உங்கள் அமைப்பில் உங்களோடு தனிப்பட நட்புள்ள இரண்டு பேராவது இருந்தால் அங்கேயே இருந்து போராடலாம். ஒருவர்கூட இல்லையென்றால், பணி தொடரட்டும். மனத்தைத் திறப்பதை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் திருநங்கை. மேடையில் என்னைப் பேசச் சொல்கிறார்கள், கைதட்டுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து கிளம்புகிறார்கள். நான் தனியாக வீடு திரும்புகிறேன். எனக்குக் காதல்கூட வேண்டாம், அக்கா. ஒரு சிநேகிதி போதும்.

பதில்: தங்கையே, இது உங்கள் குறை அல்ல. 1970இல் மார்ஷா பி. ஜான்சனும் சில்வியா ரிவேராவும் வீடற்ற திருநர் இளைஞர்களுக்கு நியூயார்க்கில் தங்க இடம் கொடுத்தார்கள்; 1973இல் அதே நகரத்தின் குயர் பேரணி மேடையில் ரிவேரா பேச எழுந்தபோது கூட்டத்தில் பலர் கூச்சலிட்டு அவரை அடக்கப் பார்த்தார்கள். அவர் அதையும் மீறிப் பேசினார். உங்களுக்குக் கைதட்டல் கிடைக்கிறது, ஆனால் துணை கிடைக்கவில்லை. நம்மவர்களின் அன்பு இன்னும் அவ்வளவில்தான் நிற்கிறது.

அடுத்த முறை மேடைக்கு அழைத்தால், அழைப்பவரிடமே, ‘வருகிறேன், முடிந்த பிறகு நீங்கள் போகுமிடத்துக்கு நானும் வருவேன்’ என்று சொல்லிவிடுங்கள். கேட்டுப் பெறுவது கௌரவக் குறைவு என்று எண்ண வேண்டாம். பலர் கேட்கப்படாததால்தான் யோசிப்பதில்லை. கேட்ட பிறகும் தட்டிக்கழிப்பவருக்கு அடுத்த மேடைக்கு வேறு பேச்சாளரைத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று: குழுவில் பேசாமல் வேலை மட்டும் செய்துவிட்டுப் போகும் ஒருவர் எப்படியும் இருப்பார். அவரும் தனியாகத்தான் வீடு திரும்புகிறார். அவரிடமிருந்து தொடங்கலாம்.

கேள்வி: வீட்டுக்குத் தெரியாத குயர் நான், போராட்டங்களிலும் இருக்கிறேன். புதிதாகப் பழகுபவரை எவ்வளவு நம்பலாம்?

பதில்: உங்களிடம் இரண்டு ரகசியங்கள் இருப்பதால் அவற்றைத் தனித்தனியே காத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ரகசியப் போலீசார் பொய்ப் பெயரில் இயக்கங்களில் நுழைந்து, பெண் தோழர்களோடு ஆண்டுக்கணக்கில் காதல் உறவு வைத்திருந்தது வெளிப்பட்டு, 2015இல் லண்டன் காவல் துறை அந்தப் பெண்களில் ஏழு பேரிடம் மன்னிப்புக் கேட்டது. இதனால் எல்லோரையும் உளவாளியாகப் பார்க்கத் தொடங்கினால் உங்களுக்கும் நிம்மதி இருக்காது, குழுவுக்கும் இருக்காது. காதலரிடம் உங்கள் மனத்தைச் சொல்லலாம். மற்றவர்களின் பெயர், முகவரி, குழுவின் திட்டம் ஆகியவற்றைச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். முதல் சந்திப்பைப் பொது இடத்தில் வைத்து, எங்கே போகிறீர்கள் என்பதை ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முகம் தெரியும் அந்தரங்கப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவருடைய நண்பர்கள், பழைய தோழர்கள் யாரையேனும் நீங்கள் சந்திக்கும் வரை, வீட்டு விலாசத்தைக் கொடுக்க அவசரமில்லை.