சமாதானப் பேச்சும் மலையகமும் – கடிதம்

அன்புள்ள சேர்,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இப்போது ஹட்டனில் ஒரு அரச சார்பற்ற நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். சர்வதேச சமாதான மத்தியஸ்தத்தில் சிவில் சமூகத்தின், அதாவது அரசும் ஆயுதக் குழுக்களும் அல்லாத சங்கங்கள், அமைப்புகளின், பங்கு என்பது தலைப்பு. சிவில் சமூகத்தையும் சேர்த்துச் செய்த உடன்படிக்கைகள் முறியும் வாய்ப்பு 64 சதவீதம் குறைவு என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "நீங்கள் மலையகம்தானே, உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குப் பதில் வரவில்லை.

2002இல் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் சமாதானம் பேச நோர்வேக்காரர்கள் வந்து போனபோது நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அப்பா சொல்வார். அந்தப் பட்டறையில் சிவில் சமூகம் என்று உட்கார்ந்திருந்தவர்களும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிற கொழும்பு ஆட்கள்தான். அவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அடுத்த மாதம் இன்னொரு கலந்துரையாடலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவதில் பிரயோசனம் உண்டா, சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த அக்காவிடம் நீங்கள் ஒரு வருடத்தை மட்டும் சொல்லியிருக்கலாம்: 1964. அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்களாகக் கிடந்த நம் சனம் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து, இந்திரா காந்தி காலத்தில், அந்த மிச்சத்தையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இராஜதந்திரக் கணக்கில் இது ஒரு நல்ல உடன்படிக்கை. இரண்டு நாடுகளுக்கு இடையில் இழுபட்டுக்கொண்டிருந்த ஒரு பிணக்கு சண்டையில்லாமல் தீர்ந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காலையில் வேலைக்கு ஆள் கூடும் எந்தத் தோட்டத்துப் பிரட்டுக்களத்திலும் யாரும் வந்து, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்" என்று கேட்கவில்லை. அதன் பிறகு ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறிய குடும்பங்களின் கதை உங்கள் வீட்டிலேயே இருக்கும். பாதிக்கப்படும் சனத்தை வெளியில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிற உடன்படிக்கை எப்படி இருக்கும் என்று பாடம் எடுக்க யாருக்காவது தகுதி இருந்தால் அது நமக்குத்தான். அந்தப் பட்டறையில் உங்களை மேடையில் ஏற்றியிருக்க வேண்டும்!

அப்புறம் 1985. பூட்டானின் திம்புவில் அரசோடு நடந்த பேச்சில் தமிழ்த் தரப்புகள் முன்வைத்த நான்கு கோட்பாடுகளில் கடைசியானது, இந்தத் தீவைத் தங்கள் நாடாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் முழுக் குடியுரிமை வேண்டும் என்பது. அது நம்மை மனதில் வைத்து எழுதப்பட்டது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஓகஸ்டில் திம்பு முறிந்தபோது அந்தக் கோரிக்கையும் அதோடு சேர்ந்து விழுந்தது. அடுத்த ஜனவரியில், 1986 தைப்பொங்கலை ஒட்டி, தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. காலையில் மலைக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்தார்கள். கொழுந்து செடியிலேயே முற்றும் என்று தெரிந்ததும் அரசு இறங்கி வந்தது. 94,000 பேருக்குக் குடியுரிமை தரும் சட்டம் அந்த வருடமே வந்தது. மூடிய அறையில் கிடைக்காதது அறைக்கு வெளியே கிடைத்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு நாற்காலி கிடைத்தால்தான் பங்கேற்பு என்று பட்டறைக்காரர்கள் பேசுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது.

உங்கள் அப்பா சொல்வது சரிதான். 2002 பெப்ரவரி 22இல் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் யுத்தநிறுத்த உடன்படிக்கை. செப்டெம்பரில் தாய்லாந்தில் தொடங்கி மறு வருடம் மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனேயில் முடிய ஆறு சுற்றுப் பேச்சு. அரசுத் தரப்பில் ஜி. எல். பீரிஸ், மிலிந்த மொரகொட, ரவூப் ஹக்கீம் போன்றவர்கள் உட்கார்ந்தார்கள். அதே அமைச்சரவையில் மலையக அமைச்சர்களும் இருந்தார்கள், மேசைக்குப் போகவில்லை. முஸ்லிம்கள் தங்களைத் தனித் தரப்பாக ஏற்க வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள், அதுவும் கிடைக்கவில்லை. டிசம்பரில் ஒஸ்லோ அறிக்கை வந்தது. தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியாக வாழ்ந்துவரும் பகுதிகளில் உள்ளக சுயநிர்ணயம், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பு என்று அதில் இருந்தது. நாங்களும் இங்கே பேப்பரில் வாசித்துச் சந்தோஷப்பட்டோம். ஆனால் நுவரெலியாவும் பதுளையும் அந்த வரைபடத்துக்குள் வரவில்லை.

நமக்கும் அந்த யுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லாமலா இருந்தது? 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. முகாமைச் சுற்றிப் பொலிஸ் நின்றுகொண்டிருந்தது. வழக்கு நடந்தது, மரண தண்டனையும் விதித்தார்கள், கடைசியில் 2005இல் உயர் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலை. 1977, 1983 கலவரங்களுக்குத் தப்பி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய தோட்டச் சனம் 2009இல் வன்னியில் என்ன பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எத்தனை மலையகப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவர்களுக்காக அந்த ஆறு சுற்றிலும் யார் பேசினார்கள்?

சரி, அந்த 64 சதவீதத்துக்கு வருவோம். அது டெசிரே நில்சன் என்ற சுவீடன் ஆய்வாளர் 2012இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருகிறது. நேர்மையான ஆய்வுதான். ஆனால் பட்டறைகளில் அதை மருந்துச் சீட்டு மாதிரிக் காட்டுகிறார்கள். வெளி ஆட்களையும் உள்ளே விடலாம் என்று சண்டைக்காரர்களே ஒப்புக்கொள்ளும் இடத்தில் சமாதானத்துக்கான மனநிலை ஏற்கெனவே கொஞ்சம் இருந்திருக்கும் அல்லவா? நிலைத்ததற்குக் காரணம் அந்த மனநிலையா, சிவில் சமூகமா என்று பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை. எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் யார் யாரைத் தெரிவு செய்தார்கள், சொன்னது எங்கே போனது என்று பாருங்கள். உங்கள் கொழும்பு ஆட்கள் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

வட அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1996இல் சமாதானப் பேச்சுக்குப் பிரதிநிதிகளைத் தேர்தல் வைத்துத்தான் அனுப்பினார்கள். கத்தோலிக்கப் பெண்களும் புரட்டஸ்தாந்துப் பெண்களும் சேர்ந்து, தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, பெண்கள் கூட்டணி என்று ஒரு கட்சியைத் தொடங்கினார்கள். கிடைத்தது நூற்றுக்கு ஒரு வாக்குத்தான். ஆனால் முதல் பத்துக் கட்சிகளுக்கும் இடம் உண்டு என்று விதி இருந்ததால் மொனிக்கா மக்வில்லியம்ஸ், பேர்ல் சாகர் என்ற இருவர் உள்ளே போனார்கள். மற்றவர்கள் கொடியையும் ஆயுதத்தையும் பற்றிப் பேச, இவர்கள் பாதிக்கப்பட்டவர்களையும் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடங்களையும் பற்றிப் பேசினார்கள். 1998 ஏப்ரல் 10இல் கையெழுத்தான உடன்படிக்கையில் அவை இருக்கின்றன. உங்களை யார் தெரிவு செய்தது என்று அவர்களிடம் ஒருவனும் கேட்க முடியவில்லை. அவர்கள் போராடிச் சேர்த்த இன்னொன்று, சிவில் சமூகத்துக்கென்று ஒரு மன்றம். 2000இல் அமைத்தார்கள், 2002இல் நிறுத்தினார்கள், அது திரும்ப வரவே இல்லை. உடன்படிக்கையில் எழுதியிருப்பதால் மட்டும் ஒன்று உயிரோடு இருந்துவிடாது.

குவாத்தமாலாதான் நமக்கு இன்னும் கிட்ட வருகிறது. அங்கேயும் தோட்டங்கள், நிலமில்லாத கூலிகள், அரசின் மொழி புரியாத சனம். 1994இல் ஐநா மத்தியஸ்தத்தில் அரசும் கெரில்லாக்களும் பேசியபோது, பக்கத்திலேயே சிவில் சமூகப் பேரவை என்று ஒன்றை வைத்தார்கள். கேசாடா தொருன்யோ என்ற ஆயர் தலைவர். மாயாப் பழங்குடி அமைப்புகள், பெண்கள், தொழிற்சங்கங்கள், தேவாலயங்கள் எல்லாம் உட்கார்ந்து தங்களுக்குள் சண்டை பிடித்து, ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரு பொது ஆவணம் எழுதி மேசைக்கு அனுப்பினார்கள். பெரிய முதலாளிகள் சங்கம் மட்டும் வரமாட்டோம் என்றுவிட்டது (தோட்டத் துரைமார் எங்கும் ஒரே சாதிதான் போல). பேரவை சொல்வதை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் 1995 மார்ச்சில் பழங்குடி உரிமைகள் பற்றிய உடன்படிக்கை வந்தபோது அதில் பேரவையின் கை நன்றாகவே தெரிந்தது. 1996 டிசம்பரில் யுத்தமும் முடிந்தது. பிறகு 1999இல் அந்த உரிமைகளை அரசியலமைப்பில் சேர்க்கச் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார்கள். ஐந்தில் ஒருவர்கூட வாக்களிக்க வரவில்லை, வந்தவர்களில் பெரும்பான்மை வேண்டாம் என்றது. தலைநகரில் மூன்று வருடம் உழைத்து எழுதியதை ஊருக்குக் கொண்டுபோக ஆள் போதவில்லை.

கொலம்பியாவில் 2014இல் பாதிக்கப்பட்டவர்கள் 60 பேரை ஐந்து குழுக்களாக, அரசும் கெரில்லாக்களும் பேசிக்கொண்டிருந்த ஹவானாவுக்குக் கூட்டிப்போய் இரு தரப்புக்கும் முன்னால் பேச வைத்தார்கள். ஐநா, தேசியப் பல்கலைக்கழகம், கத்தோலிக்க ஆயர் பேரவை மூன்றும் சேர்ந்துதான் ஆட்களைத் தெரிவு செய்தன. சண்டை பிடித்தவர்கள் கையில் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. எனக்கு அதில் பிடித்தது அந்த ஒன்றுதான்.

நம்முடைய 2002 பேச்சிலும் ஒரு முயற்சி நடந்தது. அதை இப்போது அதிகம் பேர் பேசுவதில்லை. அரசு ஐந்து பெண்களையும் புலிகள் ஐந்து பெண்களையும் நியமித்து, பால்நிலை விவகாரங்களுக்கு ஒரு உபகுழு வைத்தார்கள். நோர்வேயிலிருந்து அஸ்ட்ரிட் ஹெய்பர்க் துணைக்கு வந்தார். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சை இடைநிறுத்தினார்கள், குழுவும் அதோடு சரி. பிரதான மேசையின் நிழலிலேயே கட்டிய கொட்டில், மேசை கவிழ்ந்தபோது தானும் கவிழ்ந்தது. தனக்கென்று ஊரில் ஒரு அடித்தளம் இருந்திருந்தால் பேச்சு நின்ற பிறகும் அந்தப் பத்துப் பெண்களும் சந்தித்திருப்பார்களோ என்று நான் யோசிப்பதுண்டு.

இதை எல்லாம் வாசித்துவிட்டு நம் கூட்டு ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஒப்பந்தம் இருந்த வருடங்களில் தோட்டக் கம்பனிகளோடு நம் சம்பளத்தைப் பேசியது அரசோ நோர்வேயோ இல்லை, நம் சொந்தத் தொழிற்சங்க ஆட்கள்தான். மேசையில் நமக்கு நாற்காலி இருந்தது. அதற்குச் சந்தாவும் கட்டினோம். நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டு 2018 ஒக்டோபரில் நம் இளைஞர்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு காலிமுகத்திடலில் கூடினார்கள். மறு ஜனவரியில் கையெழுத்தான அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். என்ன ஒத்துக்கொண்டார்கள், ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று கொழுந்து எடுக்கிறவர்கள் டீவியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கையெழுத்துப் போடும் முன் பிரட்டுக்களத்தில் வாசித்துக் காட்டியிருந்தால் ஒன்று கூட்டிக் கேட்டிருப்பார்கள், அல்லது குறைத்ததன் காரணமாவது விளங்கியிருக்கும். அதனால்தான் நாற்காலியைப் பற்றி நான் அவ்வளவு பரபரப்படைவதில்லை. உள்ளே போகிறவர் வெளியே வந்து ஊருக்குச் சொல்கிறாரா, ஊர் சொன்னதைத் திரும்ப உள்ளே கொண்டுபோகிறாரா என்றுதான் பார்க்கிறேன். மத்தியஸ்தர்கள் இதற்குப் பயப்படுவார்கள். வெளியில் கசிந்தால் இரு தரப்பும் வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பேரம் பேசும் நேரத்தில் யார் என்ன விட்டுக்கொடுத்தார்கள் என்று ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எந்தெந்த விடயங்கள் மேசைக்கு வந்தன, எவை வரவே இல்லை என்பது இரகசியமாக இருக்கத் தேவையில்லை.

ஆகவே போங்கள். யுத்தம் முடிந்தாலும் பேச்சு முடியவில்லை. 2023 ஏப்ரலில் புலம்பெயர் அமைப்பான உலகத் தமிழர் பேரவையும் பௌத்த பிக்குமார் சிலரும் நேபாளத்தில் கூடி, இன நல்லிணக்கத்துக்காக இமயமலைப் பிரகடனம் என்று ஒன்றைத் தயாரித்தார்கள். டிசம்பரில் அதை ஜனாதிபதியிடம் கொடுத்தபோதுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியும். அதே வருடம் ஜூலை கடைசியில் நம் முன்னோர் இங்கே வந்து 200 வருடமானதை நினைத்து மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்டில் மாத்தளைக்கு வந்தது. நிலம், வீடு, சம்பளம், மொழி என்று கோரிக்கைகளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். சிங்கள ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள். நம் சிவில் சமூகம் யார் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் காட்டுவேன். அந்தக் கோரிக்கைகளை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

கூப்பிட்டவர்களுக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டு, தமிழ் மொழிபெயர்ப்பு உண்டா, அறிக்கையை எழுதப்போவது யார், எழுதியதை அச்சுக்குப் போகும் முன் நமக்குக் காட்டுவார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, தனியாகப் போகாதீர்கள். கொழுந்து எடுக்கிற ஒருவரைக் கூட்டிப்போங்கள். மாதர் சங்கத் தலைவியாக இருந்தாலும் சரி. அவருக்கு அன்றைக்குப் பேர் விழாது, அந்த நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் யார் தருவார்கள் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.